பொத்தானை அழுத்தும் முன்னர்

சனவரி மாதத்து விடியற்காலை. கனடா நாட்டின் டொராண்டோ மாநகரைச் சேர்ந்த ஸ்கார்பரோ பகுதியில், நம் மறைமாவட்டத்திலிருந்து சென்று குடியேறிய ஒரு குடும்பத்தாரின் இல்லத்தில் நாம் விருந்தினராகத் தங்கியிருந்தோம். வெளியே பனி முழங்காலளவு கிடந்தது. வெப்பமானி சுழியத்துக்குக் கீழே 19 பாகையைக் காட்டிற்று. சமையலறையில் காப்பி அருந்திக்கொண்டிருந்த குடும்பத் தலைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்து அழுத்தினார். வாயிலில் நின்ற மோட்டார் வண்டியின் விளக்குகள் கண் சிமிட்டின. அடுத்த நொடி இயந்திரம் உறுமி இயங்கலாயிற்று. ஓட்டுநர் இருக்கையோ வெறுமையாக இருந்தது. பேரப்பிள்ளையைக் கவனித்துக்கொள்ள அந்த வாரந்தான் ஊரிலிருந்து வந்திறங்கிய அவருடைய மாமியார், சன்னல் வழியே இதைக் கண்டு நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டிக்குள்ள ஆளே இல்லையே! யாராவது ஏறி ஓட்டிக்கிட்டுப் போயிட்டா?"

"போக முடியாது அத்தை" என்று மருமகன் சிரித்தார். எப்படிப் போக முடியாது என்பதை விளக்க அவருக்கு அப்போது நேரமில்லை. அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிட்டார். அன்று முழுவதும் அந்த அம்மையார் நம்மிடம் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரைக்கான செய்திகள் சேர்ந்தன. நம் பங்குகளிலிருந்து எத்தனையோ தாய் தந்தையர் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் என்று குளிர்நாடுகளுக்குப் போய் ஆறு மாதம் தங்கி வருகின்றனர். அந்தச் சிறு கருவி அவர்கள் கைக்கும் ஒரு நாள் வந்து சேரும். "பாட்டி, அந்தப் பொத்தானைக் கொஞ்சம் அழுத்துங்க" என்று பேரன் கேட்பான். அழுத்துமுன் அறிந்திருக்க வேண்டியவை சில உள.

தொலைவிலிருந்து இயந்திரத்தைக் கிளப்பும் இக்கருவியை அங்குள்ளோர் ரிமோட் ஸ்டார்ட்டர் என்பர். மோட்டார் வண்டியின் வரலாற்றில் இயந்திரமும் அதைக் கிளப்பும் மனிதனும் நெடுங்காலம் பிரிந்து நின்றதில்லை. தொடக்கத்தில் வண்டியின் முன்னே குனிந்து நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கைப்பிடி பின்னோக்கி உதைத்து மணிக்கட்டு ஒடிந்தோர் பலர். நம் நாட்டிலும் லாரிகளைக் கிளீனர் பையன்கள் அவ்வாறு சுழற்றிக் கிளப்பியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கப் பொறியியலர் சார்லஸ் கெட்டரிங் அமைத்துத் தந்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் இடம்பெற்ற பின், மனிதன் முன்புறத்திலிருந்து இருக்கைக்கு வந்தான். ஆயினும் வண்டிக்குள்ளேயேதான் இருந்தான். ரிமோட் ஸ்டார்ட்டரே அவனை முதன்முதலாக வண்டியிலிருந்து அப்புறப்படுத்தி, சமையலறையில் காப்பிக் கோப்பையுடன் உட்கார வைத்தது. தனிக் கடைகளில் பணம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் வழக்கம் முன்னரே இருந்தது. தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கும் முறையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2004-ஆம் ஆண்டின் ஷெவர்லே மாலிபு வண்டியில் கொண்டு வந்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

இது சோம்பேறிகளின் ஆடம்பரம் என்று நாமும் முதலில் எண்ணியதுண்டு. ஒரு குளிர்காலம் அங்கே தங்கியவர் அவ்வாறு எண்ணமாட்டார். சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் பாட்டரியின் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எண்ணெயோ பாகுபோல் கெட்டிப்படுகிறது. முன் கண்ணாடியில் படியும் உறைபனியைச் சுரண்டாமல் வண்டியை எடுத்தால் எதிரே வருவோர் தெரியமாட்டார்கள். கைக்குழந்தையை உறைந்துபோன இருக்கையில் வைத்துக் கட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்? இருப்பினும் ஒன்று சொல்ல வேண்டும். இக்காலத்து இயந்திரத்துக்கு நெடுநேரச் சூடேற்றம் தேவையில்லை. அரை நிமிடம் இயங்கவிட்டுப் பின் மெதுவாக ஓட்டிச் சென்றாலே விரைவில் சூடேறிவிடும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் இயங்குவது கண்ணாடிக்காகவும் மனிதருக்காகவுமே அன்றி இயந்திரத்துக்காக அன்று. டொராண்டோ மாநகராட்சி 2010-ஆம் ஆண்டில் செய்த விதியோ, பொதுவாக ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியை வீணே இயங்கவிடலாகாது என்றது. கடுங்குளிருக்கு விலக்கு உண்டு.

நிற்க. ஆளில்லாத வண்டியில் இயந்திரம் ஓடுகிறது என்றால், ஆள் இருந்தால் கண்ணால் பார்த்துச் செய்திருக்கக் கூடியவற்றை வேறு எவரேனும் பார்த்தாக வேண்டும். அவ்வாறு பார்ப்பவை வண்டியில் ஆங்காங்கே மறைந்திருக்கும் சில சிறு விசைகள். பொத்தானை அழுத்தியதும் கருவி உடனே இயந்திரத்தைக் கிளப்புவதில்லை. முதலில் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. கியர் 'பார்க்' என்னும் நிலையில் உள்ளதா? முன்மூடியாகிய பானெட் மூடியுள்ளதா? எவர் காலேனும் பிரேக்கில் உள்ளதா? பல வண்டிகளில், கதவுகள் பூட்டப்பட்டுள்ளனவா என்றும், அபாய விளக்குகள் எரிகின்றனவா என்றும் கேட்கிறது. ஒன்றுக்குத் தவறான விடை வந்தாலும் கிளப்பாது. கிளப்பிய பின்னும் எவரும் வந்து ஏறாவிடில் பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் தானே அணைத்துவிடும். மறுமுறை அழுத்தினால் இன்னொரு பத்து நிமிடம் நீட்டித்துத் தரும் வண்டிகள் உண்டு. அதற்கும் மேல் வேண்டுமென்றால் நேரே போய்ச் சாவியால் இயக்க வேண்டியதுதான்.

பானெட்டைக் காக்கும் விசையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். மெக்கானிக் ஒருவர் மூடியைத் திறந்து விசிறிப் பட்டையின் அருகே கை வைத்துக்கொண்டிருக்கிறார்; வீட்டினுள் குழந்தை பொத்தானை அழுத்திவிடுகிறது. நிகழக்கூடியதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். மூடி திறந்திருக்கும்வரை இயந்திரம் கிளம்பாமல் தடுப்பது விரற்கடை அளவுள்ள அந்த விசைதான். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு, ஓரிரு ஆண்டுகளில் இதை அரித்துவிடும். அரித்துப் போனால் மூடி மூடியிருந்தும் 'திறந்திருக்கிறது' என்றே அது பொய்யுரைக்கும். ரிமோட் வேலை செய்யாது. அப்போது சிலர் இரண்டு கம்பிகளை முறுக்கி அந்த விசையையே ஓரங்கட்டிவிடுகின்றனர். சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளை மாற்றச் சோம்பி, மற்றொருவர் விரல்களைப் பணயம் வைப்பதை வேறு என்னவென்று சொல்வது? பழுது பார்க்கும் கடையில் வண்டியை விடும்போது 'இதில் ரிமோட் ஸ்டார்ட்டர் உண்டு' என்று வாய் திறந்து சொல்லிவிடுவதும், 'வாலே' நிலை எனப்படும் அமைப்பால் ரிமோட்டைச் செயலற்றதாக்கிவிட்டுக் கொடுப்பதும் நல்ல வழக்கங்கள்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் ஆபத்து இன்னும் பெரிது. கியரில் நிறுத்திய வண்டியைக் கிளப்பினால் அது முன்னே பாய்ந்துவிடும். முன்னே குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். எனவே அத்தகைய வண்டிகளுக்கென்று அமைந்த கருவி, முதல் நாள் மாலையிலேயே ஓட்டுநரிடம் உறுதிமொழி வாங்குவதுபோல் ஒரு சடங்கை நடத்துகிறது. இயந்திரம் ஓடும்போதே கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியை எடுத்துவிட வேண்டும். இயந்திரம் அப்போதும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஓட்டுநர் இறங்கிக் கதவுகளைச் சாத்திப் பூட்டிய பின்னரே அது அணையும். கியர் நடுநிலையில் உள்ளது என்பதற்கு இதுவே சான்று. கியரில் இருந்தால் அவ்வாறு ஓடி நிற்க இயலாதல்லவா? அதன் பின் எவரேனும் ஒரு கதவைத் திறந்தால் போதும், உறுதிமொழி முறிந்தது. மறுநாள் காலை கருவி கிளப்ப மறுத்துவிடும். தங்கள் வண்டிக்கு இந்த முறையைச் செய்து தராமல், தானியங்கிக் கியர் வண்டிக்கு உரிய கருவியையே மலிவாகப் பொருத்தித் தருவதாகக் கூறும் கடைக்காரரிடம் வண்டியைக் கொடுக்கலாகாது.

இனி அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். யாராவது ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?

தொலைவிலிருந்து கிளப்பிய வண்டி ஓடுகிறதேயன்றி, பயணத்துக்கு ஆயத்தமாக இல்லை. கதவு பூட்டியே இருக்கிறது. கண்ணாடியை உடைத்துத் திருடன் ஏறினாலும், கியரை மாற்றப் பிரேக்கை மிதித்தாக வேண்டும். சாவியின்றி மிதித்த மாத்திரத்தில் இயந்திரம் அணைந்துவிடும். சில வண்டிகளில் கதவைத் திறந்தாலே அணைந்துவிடும். இந்த ஒழுங்கு திருடனுக்கு மட்டுமன்றி உரியவருக்கும் பொருந்தும் என்பதை நாம் அனுபவத்தில் அறிந்தோம். மருமகன் ஒருநாள் நம்மைத் திருப்பலிக்கு அனுப்பக் காரைச் சூடேற்றிச் சாவியையும் கையில் தந்தார். நாம் ஏறி அமர்ந்து பழக்க தோசத்தால் முதலில் பிரேக்கை மிதித்தோம். இயந்திரம் பட்டென்று நின்றது. பிறர் வண்டியைக் கெடுத்துவிட்டோமே என்று வியர்த்துப் போனோம், அந்தக் குளிரிலும்! சாவித்துளை உள்ள வண்டியில் முதலில் சாவியைச் செருகி, 'ஓட்டம்' என்னும் நிலைவரை மட்டும் திருப்பி, அதன் பின்னரே பிரேக்கை மிதிக்க வேண்டுமாம். ஓடுகிற இயந்திரத்தை மீண்டும் 'கிளப்பு' நிலைக்குத் திருப்பினால் பற்சக்கரம் கீறிச்சிடும், அதுவும் கூடாது. சாவித்துளை அற்று, பொத்தானால் இயங்கும் வண்டிகளில் சாவி சட்டைப்பையில் இருந்தாலே போதும். ஏறுவோர் தத்தம் வண்டியின் ஒழுங்கைக் கைந்நூலில் பார்த்துக்கொள்வது நலம்.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை ஓடவிடுவதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைச் சட்டமும் கண்டுகொண்டது. 2017-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் நகரை அடுத்த ரோஸ்வில் என்னும் ஊரில், தம் வீட்டு வாயிலிலேயே வண்டியைச் சாவியுடன் சூடேறவிட்டு உள்ளே சென்ற ஓர் இளைஞருக்குக் காவலர் 128 டாலர் அபராதச் சீட்டு ஒட்டிச் சென்றனர். தம் வீட்டில் தம் வண்டி சூடேறுவதும் குற்றமா என்று நாடெங்கும் பேச்சாயிற்று. காவல்துறையின் வாதம் எளியது: சாவியுடன் ஓடும் வண்டி திருடனுக்கு விரித்த பாய், ரிமோட்டால் கிளப்பியிருந்தால் சாவி உள்ளே இராது, குற்றமும் இராது. அந்த ஆண்டிலேயே மாநிலச் சட்டம் திருத்தப்பட்டுத் தனியார் இடத்தில் சூடேற்றுவோருக்கு விலக்குத் தரப்பட்டது. நம் கருத்தைக் கேட்டால், காவலர் சொன்னதில் பொருள் இருந்தது.

ஆனால் திருட்டைத் தடுக்கும் முதன்மையான பூட்டு பிரேக்கு அன்று. அது சாவியின் தலைக்குள் இருக்கிறது. அரிசி மணியினும் சற்றே பெரிய ஒரு மின்னணுச் சில்லு அங்கே பொதிந்துள்ளது. சாவியைச் செருகியதும் அச்சில்லு தன் இரகசியச் சொல்லை வண்டியின் கணிப்பொறிக்குச் சொல்லும். சொல் சரியாயிருந்தால்தான் இயந்திரம் இயங்கும். இந்த அமைப்பை 'இம்மொபிலைசர்' என்பர். கனடா அரசு 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா ஆக்கவில்லை. விளைவு என்ன? 2015-ஆம் ஆண்டு மாடல் வண்டிகளில், பிற நிறுவனத்தார் 96 விழுக்காட்டு வண்டிகளில் இதைப் பொருத்தி விற்ற அமெரிக்கச் சந்தையில், ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 விழுக்காட்டில் மட்டுமே இது இருந்தது. 2021-க்குப் பின் இளஞ்சிறார்கள் சமூக ஊடகப் படங்களைப் பார்த்து அவ்வண்டிகளை வரிசையாகத் திருடலாயினர். விபத்துகளில் உயிர்களும் போயின. 2023 பிப்ரவரியில் ஏறத்தாழ 83 இலட்சம் வண்டிகளுக்கு இலவச மென்பொருள் தர நேர்ந்தது. அதே நிறுவனங்களின் வண்டிகள் எல்லைக்கு அப்பால் கனடாவில் இம்மொபிலைசருடனேயே விற்கப்பட்டதால், அங்கே அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. சட்டத்தில் ஒரு வரி செய்த வேலை இது.

இங்கேதான் கடையில் பொருத்தும் ரிமோட் ஸ்டார்ட்டர் ஒரு சிக்கலைக் கொண்டு வருகிறது. சாவி வீட்டினுள் இருக்கும்போது இரகசியச் சொல்லை வண்டிக்குச் சொல்பவர் யார்? பழைய முறையில், உண்மையான மற்றொரு சாவியையே ஒரு சிறு பெட்டியில் வைத்து ஓட்டுநரின் முன்பலகைக்குப் பின்னே ஒளித்துவிடுவார்கள்; ரிமோட் அழுத்தும்போது மட்டும் அப்பெட்டி விழித்துக்கொள்ளும். வீட்டைப் பூட்டிச் சாவியை வாயிற்படியின் கீழ் வைத்த கதைதான். இடம் தெரிந்த திருடனுக்கு அது சாவிதானே! புதிய முறையில் சாவிக்குப் பதில், அந்தந்த வண்டிக்கென்றே எழுதப்பட்ட ஒரு சிறு மின்னணுக் கட்டமைப்பைப் பொருத்துகின்றனர். அதைப் பிடுங்கினாலும் வேறெங்கும் பயன்படாது. கருவியை வாங்குவோர் விலையையும் எட்டும் தூரத்தையும் மட்டுமே கேட்கின்றனர். 'இம்மொபிலைசரை எவ்வாறு கடக்கிறீர்கள், என் சாவியை வண்டிக்குள் வைப்பீர்களா?' என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது நம் எண்ணம்.

ரிமோட்டிலிருந்து புறப்படும் வானொலி அலையை வழியில் ஒட்டுக் கேட்டுத் திருப்பிப் பாடிவிட மாட்டார்களா என்று ஐயுறுவோர் உளர். பழங்காலக் கருவிகளில் அது இயலும். ஒரே சொல்லையே அவை எப்போதும் அனுப்பின. இக்காலத்தவை ஒவ்வோர் அழுத்தத்துக்கும் புதுச் சொல் அனுப்புகின்றன. நேற்றைய சொல் இன்று செல்லாது. இன்றைய திருடர் நாடுவது வேறு வழி. பொத்தானை அழுத்தாமலே, சட்டைப்பையில் இருந்தாலே கதவு திறக்கும் நவீனச் சாவிகள் உள்ளனவே, அவை வண்டி அழைக்கும்போதெல்லாம் விடை கூறக் காத்திருப்பவை. ஒரு திருடன் வீட்டு வாயிலருகே ஒரு கருவியுடன் நிற்பான், மற்றொருவன் வண்டியருகே. வண்டியின் அழைப்பை ஒருவன் வீட்டினுள் இருக்கும் சாவிக்குக் கடத்துவான். சாவியின் விடையை மற்றவன் வண்டிக்குக் கடத்துவான். சாவி தன்னருகே இருப்பதாகவே வண்டி நம்பும். சூரிச் நகர ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டிலேயே எட்டு நிறுவனங்களின் பத்து வகை வண்டிகளில் இதைச் செய்து காட்டினர், பத்தும் ஏமாந்தன. இதில் கொடுமை யாதெனில், ஓடத் தொடங்கிய பின் சாவி தொலைவில் போய்விட்டாலும் இயந்திரம் நிற்காது. நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றால் உயிருக்கு ஆபத்து என்பதால் அவ்வாறு அமைத்தனர். திருடனுக்கு அதுவே வசதியாயிற்று.

இத்திருட்டுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் காரணமன்று. ஆனால் அதே சாவிதான் இரண்டுக்கும். நம் மக்கள் பலர் வாயிற்கதவின் அருகே ஆணியடித்துச் சாவியை மாட்டுகின்றனர். திருடன் தேடும் இடமும் அதுவே. உலோகப் பெட்டியில் இட்டு மூடினால் அலை வெளியேறாது. அதற்கென்று பைகள் விற்கின்றனர். நன்கு மூடும் பிஸ்கட் டின் கூடப் பயன்படலாம். சாவியை டின்னில் இட்டு எடுத்துக்கொண்டு வண்டியருகே போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் அந்த டின் உதவாது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொராண்டோவில் நடந்த ஒரு கூட்டத்தில் காவல் அதிகாரி ஒருவர், திருடர் வீடு புகுந்து தாக்குவதைத் தவிர்க்கச் சாவியை வாயிலருகேயே அத்தகைய பையில் வைத்துவிடுங்கள் என்று கூறப் போய்ப் பெரும் கண்டனம் எழுந்தது. கார் திருட்டு அந்நகரில் அந்த அளவுக்குப் போயிருந்தது. அவர் கூறியதில், பையில் இடுங்கள் என்ற பகுதியை மட்டும் நாம் ஏற்கிறோம்.

கைப்பேசியால் கிளப்பும் முறை இப்போது பரவி வருகிறது. வெப்பமிகு நம் நாட்டிலும் ஏறுமுன்னரே காரைக் குளிர்விக்க இதனை விரும்புவோர் உளர். இங்கே சாவி என்பது ஒரு கடவுச்சொல்லாகிவிடுகிறது. 2024-ஆம் ஆண்டில், வண்டியின் எண் பலகையை மட்டும் கொண்டே பல கியா வண்டிகளைத் தொலைவிலிருந்து திறக்கவும் கிளப்பவும் வழியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டு கூற, நிறுவனம் அதனைச் சரி செய்தது. அது நிறுவனத்தின் பொறுப்பு. உரியவரின் பொறுப்பு சிறியது: எளிதில் ஊகிக்கவொண்ணாத கடவுச்சொல் வைப்பதும், பழைய வண்டி வாங்கினால் முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று பார்ப்பதும். விற்றவர் கைப்பேசியில் உங்கள் வண்டி இன்னும் நின்றுகொண்டிருக்கலாம்.

திருட்டுப் போனால் போவது வண்டி. இனிக் கூறப் போவது அதனினும் பெரிது.

குளிர்நாட்டு வீடுகளில் கார்க் கொட்டகை வீட்டோடு ஒட்டியே இருக்கும். கொட்டகையிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு. கொட்டகையின் மேலே பெரும்பாலும் ஒரு படுக்கையறை. ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு அந்த அறையைத்தான் ஒதுக்குகின்றனர். கீழே இயந்திரம் ஓடினால் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உயிர்வளியை ஏந்திச் செல்லும் செம்பொருளோடு, உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு எனத் தொடங்குவதால் காய்ச்சல் வருகிறதென்று படுத்துவிடுவார்கள். உறங்குவோர் விழிப்பதே இல்லை. புகையைத் தூய்மைப்படுத்தும் கருவி வண்டியில் இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது சூடேறினால்தான் வேலை செய்யும். உறைந்து கிடந்த இயந்திரம் கிளம்பும் முதற்சில நிமிடங்களில்தான் நச்சு வாயு மிகுதி. ரிமோட் ஸ்டார்ட்டர் பயன்படுவதோ சரியாக அந்த நிமிடங்களில்தான்!

'கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டுத்தானே கிளப்புகிறோம்' என்பர் சிலர். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்தனர். பெரிய கதவைத் திறந்து வைத்தே இரண்டு நிமிடம் இயங்கவிட்ட போதும், கொட்டகைக் காற்றில் இவ்வாயு பத்து இலட்சத்துக்கு 500 பங்கு வரை ஏறிற்று. வண்டியை வெளியே எடுத்துச் சென்று பத்து மணி நேரத்துக்குப் பின்னும் அளக்கத்தக்க அளவு எஞ்சியிருந்தது. கொட்டகைக் கதவு மூடியுள்ளதா, திறந்துள்ளதா என்பதைப் பானெட்டைக் காக்கும் விசைபோல் காத்து நிற்கும் விசை வழக்கமான ரிமோட் ஸ்டார்ட்டரில் இல்லை. சட்டைப்பையில் நெருங்கி அழுந்தினாலும், குழந்தை விளையாட்டாக அழுத்தினாலும் இயந்திரம் கிளம்பிவிடும். பத்து நிமிடத்தில் தானே அணையும் என்பது உண்மையே. மூடிய கொட்டகைக்குப் பத்து நிமிடம் போதும். எனவே வண்டி கொட்டகைக்குள் இருக்கும் இரவுகளில் ரிமோட்டைச் செயலற்றதாக்கிவிட வேண்டும். அல்லது வண்டியை வெளியே நிறுத்த வேண்டும்.

பொத்தானால் இயங்கும் வண்டியை ஓட்டி வந்து, அணைக்க மறந்து, சாவியோடு உள்ளே போய்விடுவோர் கதை இன்னும் துயரமானது. அங்கே பத்து நிமிட எல்லைகூட இல்லை. 2006-க்குப் பின் அமெரிக்காவில் இவ்வாறு குறைந்தது 28 பேர் இறந்ததாக நியூயார்க் டைம்ஸ் நாளேடு 2018-இல் கணக்கிட்டது. இறந்தவர்களில் முதியோர் பலர். இயந்திரம் சத்தமின்றி ஓடுவதை மங்கிய செவி உணர்வதில்லை. தானே அணையும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்க வழிசெய்யும் சட்டம் 2021-இல் அங்கே நிறைவேறிற்று. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன.

வெளியே நிறுத்திய வண்டியிலும் ஒரு கண்ணி உண்டு. 2016 சனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பெரும்பனிப் புயல் தாக்கியபோது, நியூ செர்சி மாநிலத்துப் பசேயிக் நகரில் ஒரு தந்தை காரைச் சுற்றிப் பனியை அள்ளிக்கொண்டிருந்தார். குளிர் தாங்காதிருக்க மனைவியையும் இரு பிள்ளைகளையும் ஓடும் காருக்குள் அமர்த்தியிருந்தார். பின்புறப் புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தது. புகை வெளியேற வழியின்றி உள்ளே ஏறியது. அவர் பனியை அள்ளி முடிக்குமுன் தாயும் ஒரு வயது மகனும் உயிர் துறந்திருந்தனர். மூன்று வயது மகளும் சில நாட்களில் இறந்தாள். அவர் எட்டடி தொலைவில்தான் நின்றுகொண்டிருந்திருப்பார். ரிமோட்டால் கிளப்புவோரோ சுவருக்கு அப்பால் இருக்கின்றனர், புகைக்குழாய் தெரியாது.

ஒண்டாரியோ மாநிலத்தில், 2008 டிசம்பரில் வுட்ஸ்டாக் நகரில் காவல் அதிகாரி ஒருவரும் கணவரும் இரு பிள்ளைகளும் இவ்வாயுவால் வீட்டினுள்ளேயே மடிந்தனர். அங்கே அடைபட்டது புகைபோக்கி. அதன் பயனாகப் பிறந்த சட்டத்தால், 2014 அக்டோபர் முதல், கொட்டகை ஒட்டிய வீடுகளில் உறங்குமிடம் அருகே இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருத்தல் கட்டாயமாயிற்று. நாம் தங்கிய இல்லத்திலும் மாடி நடையில் ஒன்று மாட்டியிருந்தது. சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தோம், ஒலி எழவில்லை. வறுக்கும்போது கூவி எரிச்சலூட்டியதென்று எவரோ பாட்டரியைக் கழற்றிவிட்டிருக்கின்றனர். மருமகனிடம் கூறியபோது அவர் முகம் சற்றே வாடியது. அன்று மாலையே புதுப் பாட்டரி வந்தது. அம்மையாரின் கட்டில் இருந்த அறை கொட்டகைக்கு நேர் மேலே என்பதை நாம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அதன் பின் அவ்வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. வாயிலருகே இருந்த ஆணி வெறுமையாயிற்று. சாவி, அம்மையார் ஊரிலிருந்து முறுக்கு நிறைத்து எடுத்து வந்த டின்னுக்குக் குடிபோயிற்று, முறுக்குத் தீர்ந்திருந்தது. வண்டி கொட்டகையை விட்டு வாயிலுக்கு வந்தது. நாம் புறப்பட இரண்டு நாள் இருக்கையில் மீண்டும் இரவு முழுதும் பனி கொட்டியது. காலையில் மருமகன் வழக்கம்போல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு டின்னைத் திறக்கப் போனார். அம்மையார் சன்னலருகே நின்று வெளியே பார்த்தவாறே கேட்டார்:

"மாப்பிள்ளை, குழாய்க்குப் பின்னாடி பனியை அள்ளியாச்சா?"

அவர் டின்னை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு, மண்வாரியுடன் வெளியே போனார்.